என் வயிறுதான் சார்

ஒலிப்பதிவுக்கு வருகிறவர்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் வருவார்கள். பசித்த வயிறு உறுமினால் மைக் விடாமல் பிடித்துவிடும். அன்று காலையும் சோபாக்களில் உட்கார்ந்து ஆளுக்கொரு சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மிசாவோ வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, வழியில் இருந்த நரித்தெய்வத்தின் கோயிலில் ஜப்பானிய வழக்கப்படி கைதட்டிக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள். அன்று பேசவேண்டிய முக்கிய வசனத்தை ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லவைத்தால் போதும் என்பதுதான் வேண்டுதல்.

பழைய பழிவாங்கும் நாவல் ஒன்றை விண்வெளிக்குக் கொண்டுபோய் அனிமே என்னும் கார்ட்டூன் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொய்ப்பழியால் சனிக்கோளின் நிலவில் சிறைப்பட்ட பெண் சீமாட்டியாகத் திரும்பி வருகிறாள். அவளுக்குக் குரல் மிசாவோ. அவளைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதிக்குக் குரல் எபினா. சீமாட்டி முகமூடியைக் கழற்றி நீதிபதியின் எதிரே நிற்கும் காட்சி இன்று.

நிஜத்திலும் ஒரு பழி இருந்தது. "மிசாவோவுக்குத் தொண்டை போயிடுச்சு, பாவம்" என்று இருபது வருடம் முன்பு தயாரிப்பாளர்களிடம் சொல்லித் திரிந்தவள் எபினா. தொண்டைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நோயாளி என்று பேரெடுத்தவளை யார் கூப்பிடுவார்கள்? சூப்பர் மார்க்கெட்டில் மீன் தள்ளுபடியை அறிவித்துக் காலம் தள்ளினாள் மிசாவோ.

சற்றுமுன் கழிப்பறையில், தின்றதை எல்லாம் எபினா வாந்தியெடுப்பதை மிசாவோ பார்த்துவிட்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"வயித்துல பாதிய எடுத்துட்டாங்க," என்றாள் எபினா, கண்ணாடியைப் பார்த்தபடி. "இந்தத் தொடர் முடியிற வரைக்கும் தாங்கினா போதும். சொல்லிடாத."

மிசாவோ கை கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

படம் இன்னும் வரைந்து முடியவில்லை. வெறும் வெள்ளைத் திரை. அதில் யார் பெயர் சிவப்பாகத் தோன்றுகிறதோ அவர் பேச வேண்டும். சீமாட்டியின் பெயர் தோன்றியது.

"நல்லா பாருங்க. என்னைத் தெரியலயா?"

சத்தமே போடவில்லை அவள். இருபது வருடம் தானாகவே வந்து அந்தச் சொற்களில் உட்கார்ந்துகொண்டது. அறையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்த அமைதியில், எபினா நின்ற பக்கத்து மைக்கின் அருகே ஒரு வயிறு நீளமாக உறுமியது.

"அடடா, அவ்வளவு நல்லா வந்தது," என்றார் கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலி இயக்குநர் ஹிராகா. "யாரு வயிறு அது?"

"கப்பல் எஞ்சின்னு வெச்சுக்கலாம் சார்," என்றான் கப்பல் தளபதிக்குக் குரல் கொடுக்கும் தோமிடா. எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. மூணு வாரமா இதே கதைதான். யாருக்காவது உடம்பு சரியில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வேற ஆள் பாக்கணும்."

எபினா கையிலிருந்த வசனத்தாளைச் சரசரக்காமல் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவளுக்கு உடம்பு சரியில்லை. மிசாவோ அதைச் சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை.

"என் வயிறுதான் சார். காலைல சாப்பிடல."

"சீமாட்டியே பட்டினியா? தோமிடா, ஒண்ணு குடு அவங்களுக்கு."

நிறைந்த வயிற்றோடு எல்லார் முன்னாலும் அந்த உருண்டையைத் தின்று தீர்த்தாள் மிசாவோ. பிறகு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சொற்கள் வந்தன. முதலில் வந்தது வரவில்லை. கடைசியில் ஹிராகா, "சரி, இதையே வெச்சுக்கலாம்," என்றார். தொலைக்காட்சியில் வரப்போவது அதுதான்.

நடைவழியில் எபினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நானா இருந்தா போட்டுக் குடுத்திருப்பேன்."

"தெரியும்க்கா."

"அப்ப, என்னை மன்னிச்சிட்டியா?"

மிசாவோ தன் மனதைத் துழாவிப் பார்த்தாள். "இல்லக்கா," என்றாள். ஒரு கோப்பையில் வெந்நீர் பிடித்துவந்து கொடுத்தாள். எபினாவுக்கு இரண்டு மிடறு இறங்கியது. அதற்குமேல் இறங்கவில்லை. கோப்பையின் சூட்டை மட்டும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுவாரம் எபினா வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், இனி வரமாட்டார் என்றார் ஹிராகா. வெள்ளைத் திரையில் நீதிபதியின் பெயர் சிவப்பாகத் தோன்ற, பக்கத்து மைக்கில் வேறொருத்தி பேசினாள். நன்றாகவே பேசினாள்.

மிசாவோ தன் முறைக்காகக் காத்து நின்றாள். அறையில் யார் வயிறும் சத்தம் போடவில்லை.