கொஞ்சம் டல்லா

தெருவில் அவளுக்குப் பவுடர் என்று பெயர். டி.வி. சேனல் ஒன்றில் மேக்கப் போடுகிற வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். செய்தி வாசிப்பவர்கள், விவாதத்துக்கு வரும் வக்கீல்கள், கட்சிக்காரர்கள் என்று எல்லார் முகமும் அவள் கையைத் தாண்டித்தான் கேமராவுக்குப் போகும். "மந்திரி கன்னத்தையே தட்டிட்டு வர்றா நம்ம பவுடரு" என்று தெருவில் பெருமை பேசுவார்கள்.

அவள் அண்ணன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் பெரும்பாலும் அவளும் அண்ணியும்தான். அண்ணி முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். கைராசிக்காரி. தெருவுக்குப் பின்னால் எழும்பியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து காரில் வந்து துணி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் குடியிருப்பு வந்த பிறகுதான் தெருக்குழாய் இருமத் தொடங்கியது. முதலில் காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுவது இங்கே குடத்தோடு நிற்பவர்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் சேனலில் தண்ணீர் பற்றி ஒரு விவாத நிகழ்ச்சி ஏற்பாடானது. தயாரிப்பாளர் மேக்கப் அறைக்குள் தலையை நீட்டினார். "உங்க ஏரியாவுல நல்லா பேசுறவங்க யாராவது இருக்காங்களா?"

"எங்க அண்ணி இருக்காங்க சார். வாயைத் திறந்தா வக்கீல் தோத்துடுவாரு."

அண்ணிக்கு ஒரே குஷி. நிகழ்ச்சிக்கென்றே கரும்பச்சைத் துணியில், கழுத்துப் பட்டையும் கைமடிப்புமாக ஓர் உடை தைத்துக்கொண்டாள். "தண்ணி கேக்கப் போறோம்தான். ஆனா பாக்குறவங்க, 'இதை யாரு தைச்சது'ன்னும் கேக்கணும்ல?"

ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். பவுடரை வெளியே அழைத்தார்.

"இவங்களைப் பாத்தா தண்ணிக்குக் கஷ்டப்படுறவங்க மாதிரியா இருக்கு?"

"அவங்க டெய்லர் சார். அவங்களே தைச்சது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்ல ரிமோட்டோட உக்காந்திருக்கிறவனுக்குப் பாத்த உடனே தெரியணும். இல்லேன்னா அடுத்த சேனலுக்குப் போயிடுவான். கொஞ்சம் டல்லா போடுங்க. காஸ்ட்யூம்ல பழசா ஒண்ணு வாங்கி மாத்திடுங்க."

அவள் வாயைத் திறக்குமுன் அவர் போய்விட்டார். மறுத்தால் நாளைக்கே இன்னொருத்தி மேக்கப் நாற்காலியின் பின்னால் நிற்பாள் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே வந்தாள்.

"அண்ணி, பச்சை இங்க ஆகாது. பின்னாடி திரையும் பச்சைல்ல? கேமராவுல பச்சையெல்லாம் மறைஞ்சிடும், உடம்பே தெரியாது."

"அடக் கடவுளே! வெறும் தலை மட்டும் பேசுமா?" அண்ணி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கொடுத்த சாயம்போன உடையை மாட்டிக்கொண்டாள்.

பவுடர் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினாள். கண்ணுக்குக் கீழே கருமை, கன்னத்தில் குழி, உதட்டில் வெளுப்பு. மற்றவர்களுக்கு எவற்றை மறைத்துப் பழகினாளோ, அவற்றையெல்லாம் அண்ணிக்கு வரைந்தாள். வீட்டுக்கு வந்து முகம் துடைத்த துண்டைப் பார்த்து, "என்னடி இது, கரி மாதிரி?" என்று அண்ணி கேட்டாள். "லைட்டுக்காக அண்ணி" என்றாள்.

ஒளிபரப்பு அன்று வீடு கொள்ளாத கூட்டம். அண்ணி ஸ்டூடியோவில் பேசியதென்னவோ குழாயைப் பற்றி: எந்த வால்வை எப்போது அடைக்கிறார்கள், எங்கே திருப்புகிறார்கள், "நாங்க யார்கிட்டயும் இனாமாக் கேக்கலை, வர வேண்டியது வந்தா போதும்" என்று. அதில் ஒன்றும் வரவில்லை. விளக்குச் சூட்டில் வழிந்த வியர்வையைக் கண்ணோரம் துடைத்தாளே, அது வந்தது. சோகமான புல்லாங்குழலோடு, மெதுவாக, மறுபடி மறுபடி வந்தது. கீழே "தாகத்தின் கண்ணீர்" என்று எழுத்து ஓடியது.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு கேட்டாள். "எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த வக்கீலம்மா பச்சைதானே போட்டிருந்தாங்க. அவங்க மறையலையே?"

பவுடர் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அண்ணி திட்டவில்லை. மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் படுக்கப் போனாள். அதன் பிறகு தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

தண்ணீர் என்னவோ வந்தது. முதலில் லாரியில், பிறகு குழாயிலேயே. "நீ அழுதியே ஒரு அழுகை, அதுக்கே பெரிய அதிகாரி ஓடி வந்துட்டான்" என்று தெருவே அண்ணியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது. நான் அழவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிகழ்ச்சியைப் பார்த்து மனம் இளகியவர்கள் மூட்டை மூட்டையாகப் பழந்துணி அனுப்பினார்கள். தையற்காரி வீட்டு வாசலில் பழந்துணி!

குடியிருப்பிலிருந்து வருகிற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மகள் கல்யாணத்துக்குத் துணி கொடுத்திருந்த அம்மாள் நேரில் வந்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். "நீங்களே பாவம், இவ்வளவு கஷ்டத்துல இருக்கீங்க. இதுல என் வேலை வேறயா?" என்றாள். அவள் கண் மட்டும் அறையின் மூலை முடுக்கெல்லாம் அழுக்கைத் தேடியது.

பவுடருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே அந்த அம்மாள் வீட்டுக்கு மாடியேறினாள். "அது நிஜ முகமில்லை மேடம். நான் போட்ட மேக்கப். அவங்க எப்பவும் போலத்தான் இருக்காங்க."

அந்த அம்மாளின் முகம் மாறியது. "அப்ப எல்லாம் நடிப்பா? நான் எங்க குரூப்ல எல்லாருக்கும் அனுப்பி, அழுதுட்டு வேற இருந்தேன்!"

அன்றே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி சுற்றியது. பாவப்பட்டவளாக இருந்த அண்ணி ஏமாற்றுக்காரி ஆனாள். உள்ளதைச் சொல்லப் போய் இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று பவுடர் படியில் உட்கார்ந்து அழுதாள். இந்த அழுகையைப் படம் பிடிக்க யாரும் இல்லை.

அண்ணி சோர்ந்து உட்கார்கிற ஆள் இல்லை. நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்களின் சீருடை தைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, மாதிரிக்கு ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு போனாள். வேலை கிடைத்தது. கல்யாணத் துணி தைக்கிற மவுசு இதில் இல்லை, ஒரே வெள்ளை, ஒரே அளவு. "அங்க யாரும் என் மூஞ்சியைப் பாக்கலை. தையலைத் திருப்பிப் பாத்தாங்க, அவ்வளவுதான்" என்றாள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு, மழை வந்தால் வீட்டுக்குள் சாக்கடை புகுகிற தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். அழகாகத் தலைவாரி, பளிச்சென்று வந்திருந்தாள். தயாரிப்பாளர் வழக்கம்போல் தலையை நீட்டி, "கொஞ்சம் டல்லா" என்றார்.

பவுடர் நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தினாள். "அக்கா, உங்களை ஏழையாக் காட்டச் சொல்றாங்க. நான் கண்ணுக்குக் கீழ கறுப்பு பூசணும். பாக்குறவங்க இதைத்தான் உங்க முகம்னு நினைச்சுப்பாங்க. வேணாம்னா சொல்லுங்க, நான் வெளிய சொல்லிக்கிறேன்."

அவள் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இதுக்கா இவ்வளவு யோசனை? நல்லா ரெண்டு பூச்சு சேத்துப் போடும்மா. சாக்கடை நின்னா போதும் எனக்கு."

பவுடர் போட்டாள்.

வீட்டுக்கு வந்து, கேட்காமலே, அதை அண்ணியிடம் சொன்னாள். அண்ணி சீருடை ஒன்றின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பல்லால் நூலைக் கடித்தாள்.

"அவளைக் கேட்டுட்டுத்தான் போட்டியா?"

"கேட்டுட்டுத்தான் அண்ணி. கண்ணாடியும் காட்டினேன்."

"ம்." மெஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. "என்னைக் கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. தெருவே தவிச்சுக் கிடந்துச்சே." யோசித்தாள். "ஆனா அந்தப் பச்சை டிரஸ்ஸை மட்டும் கழட்டியிருக்க மாட்டேன்டி."

பவுடர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அண்ணி தைத்து முடித்த சட்டைகளை அவள் பக்கம் தள்ளினாள்.

"சும்மா நிக்காதே. பட்டன் தைக்கத் தெரியும்ல? உக்காரு."