நூரியின் முதுகில் செம்மண்

இரும்புலியூர் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் முஸ்தபாவின் வெள்ளைக் குதிரை நூரிதான். அந்த வெள்ளை நிறத்தின் மேல் முஸ்தபாவுக்கு உயிர். கல்யாணம் வருகிறதென்றால் சொட்டுநீலம் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டி, படுத்துப் புரண்டு அழுக்காக்கிக்கொள்ளாமல் இருக்கக் குட்டைக் கயிற்றில் கட்டிவிடுவார். முகூர்த்த மாதம் பிறந்தால் அந்தக் கயிறு அவிழ்வதே இல்லை.

போன கல்யாணத்தில் சரவெடி வெடித்ததும் நூரி முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. தலைப்பாகை ஒரு பக்கமும் மாப்பிள்ளை ஒரு பக்கமுமாகத் தொங்கினார்கள். முஸ்தபாவுக்கு மானம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் ஊர்வலத்திலும் இப்படி ஆனால் குதிரையை விற்றுவிடுவதென்று, வாங்க ஆளையும் பார்த்து வைத்துவிட்டார்.

அவர் மனைவி சாஹிரா இதற்கு ஒப்பவில்லை. நூரி குட்டியாக வந்ததிலிருந்து தீனி வைப்பவள் அவள்தான். அது கட்டிய இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, கம்பத்தைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. நாளெல்லாம் அடங்கிக் கிடக்கிற கால் வெடிச்சத்தத்தில் எகிறாமல் என்ன செய்யும்?

"குதிரை மேல தப்பில்லீங்க. கயித்து மேலதான் தப்பு. தெனமும் காலைல பிரிட்டோ அண்ணன் மனையில அவுத்து வுடப்போறேன்."

"அழுக்காயிட்டா யாரு கழுவறது?"

"நான் கழுவறேன். நீங்க பேஜார் பண்ணாம இருங்க."

தெரிந்தவரான பிரிட்டோவின் காலிமனை குதிரைக் கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்தது. சுற்றுச்சுவரும் கேட்டும் உண்டு, வீடுதான் இன்னும் கட்டவில்லை. முதல் நாள் நூரி கேட்டருகிலேயே நின்றது. கயிறு இல்லை என்பதை நம்பவே அதற்கு நேரம் பிடித்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது பாருங்கள், சாஹிராவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாரம் முடிவதற்குள் தலையாட்டம் நின்றது, கம்பமும் பிழைத்தது.

ஞாயிறு காலை நீலக் குளியல் முடிந்ததும் முஸ்தபா கயிற்றோடு வந்தார்.

"இன்னிக்கு மட்டும் வேணாம் சாஹிரா."

"இன்னிக்குத்தாங்க வேணும்" என்று அவள் நூரியை நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

நூரி ஓடிக் களைத்து, இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுச் செம்மண் சேற்றில்தான் புரண்டது. மறுபடி தேய்த்துக் குளிப்பாட்டியும் முதுகில் ஒரு கறை போகவில்லை. சாஹிரா ஜரிகைப் போர்வையை அதன்மேல் இழுத்துவிட்டாள். முஸ்தபா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடிவாளத்தை மாட்டினார்.

மாலை ஊர்வலத்தில் பேண்டு முழங்கியது. சரவெடிக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். முஸ்தபா கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தார். மறுபக்கம் நடந்த சாஹிரா கடிவாளத்துக்குக் கை நீட்டவில்லை. நூரி காதை விடைத்தது, மூக்கால் ஒருமுறை சீறியது, பிறகு தன்பாட்டுக்கு நடந்தது. மாப்பிள்ளை சொந்தக்காரர்களுக்குக் கையசைக்கிற அளவுக்குத் தைரியமாகிவிட்டார்.

மண்டப வாசலில் அவர் இறங்கும்போது போர்வை நழுவியது. பெண்ணின் மாமா குனிந்து பார்த்தார்.

"இன்னாபா, குதிரை முதுகுல மண்ணு கீது?"

சாஹிரா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முஸ்தபா முந்திக்கொண்டார்.

"ஆமா சார். வெளையாடிட்டு வந்துகீது."

மறுநாள் காலை சாஹிரா தீனியோடு போனபோது கொட்டகை காலியாக இருந்தது. பதறிக்கொண்டு மனைக்கு ஓடினாள். உள்ளே நூரி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. முஸ்தபா கேட்டில் சாய்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"குதிரை குடுக்கறதுக்கு இல்லபா. கயிறு வேணும்னா வந்து எடுத்துக்கினு போ."