தர்ஸ்டன் மகன் வைமண்ட், வைமண்ட் மகள் ஹாவிஸ்

பெற்றவளை ஊர் நடுவில் கெட்டுப்போனவள் என்று சொன்னால்தான் உங்களுக்கு விடுதலை என்றால், சொல்லிவிடுவீர்களா? ஹாவிஸ் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். நாளைக் காலை, பண்ணை மன்றத்தில்.

பண்ணையிலிருந்து லிங்கன் நகருக்கு ஓடிப்போய் எட்டு வருடம் கம்பளி சீவிப் பிழைத்தவள். அம்மா சிபில் செத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே பண்ணைக் காரியக்காரர் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை, வம்சம் போதும். தாத்தா தர்ஸ்டன் பண்ணையடிமை, அவர் மகன் வைமண்டும் அப்படியே, ஆகவே வைமண்ட் மகளும். அந்த அடிமைக்கட்டு தகப்பன் வழியாகத்தான் இறங்கும். அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி தகப்பன் இல்லை. தகப்பன் இல்லாதவளுக்கு எஜமானும் இல்லை.

அவளை அடைத்து வைத்திருந்த கொட்டகைக்கு வைமண்ட் ரொட்டி கொண்டுவந்தார்.

"அப்பா, கைப்புள்ளையோட வந்தவளத்தான் கட்டிக்கிட்டேன்னு சொல்லுங்க. அது போதும்."

"யாரு புள்ளைன்னு கேப்பானே?"

"ஊசி விக்க வந்த எவனோன்னு சொல்லுங்க."

"ஊசிக்காரனா! பேரம் பேசியே அவனத் தொரத்திருப்பாளேடி உங்கம்மா." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "மூக்கு வேற என் மூக்கு. அத எங்க கொண்டுபோய் ஒளிப்ப?"

ஹாவிஸ் ரொட்டியைத் தொடவில்லை. லிங்கனில் நீ யார் மகள் என்று யாருமே அவளைக் கேட்டதில்லை. அதற்காக அங்கே பல நாள் அழுதிருக்கிறாள். இப்போது அந்தக் கேள்வி கேட்காத ஊருக்குத்தான் போயாக வேண்டும்.

"போட்ட மண்ணு இன்னும் காயல, புள்ள," என்றார் வைமண்ட்.

"தெரியும்ப்பா."

அவர் கதவருகே போனார். "சொல்றேன். நீயாச்சும் போய்ச் சேரு," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மறுநாள் காலை ஹாவிஸ் சொன்னாள். வைமண்டும் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, கைப்பிள்ளையோடு வந்தவளைத்தான் கட்டிக்கொண்டேன் என்றார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் அக்கம்பக்கத்துக்காரர்கள். நாலு நாளைக்கு முன்னால் சிபிலைக் கல்லறைக்குத் தூக்கிப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் ஒதுங்கிப் பேசவே இல்லை.

"சிபில் அப்படிப்பட்டவ இல்லீங்கய்யா," என்றார் அவர்களில் மூத்தவரான ஹாமண்ட். "அவ கல்யாணத்துல நாங்கல்லாம் சாப்ட்ருக்கோம். கைப்புள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மக மேல இருக்குற பாசத்துல இந்தாளு பொய் சொல்றான். செத்த மகராசிக்கு நாங்க கெட்ட பேரு வாங்கிக் குடுக்க மாட்டோம்."

இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எழுத்தர் மூன்று தலைமுறைப் பெயரையும் பண்ணையடிமைக் கணக்கில் வரிசையாக எழுதினார். பொய் சொன்னதற்காக வைமண்டை வெளியே, ஊர் பார்க்க நிறுத்தினார்கள். ஹாவிஸை எஜமான் வயலில் வாற்கோதுமை அறுப்புக்கு அனுப்பினார்கள்.