தும்மல் இருக்கட்டும்

பொன்முடி பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது ஷிஜி மடியிலிருந்த லேப்டாப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் அவள் படம் இருந்தது. படத்துக்குள் செல்வமணியின் குரல் இருந்தது. அது செல்வமணிக்குத் தெரியாது.

"எங்குரல எடுத்திருவல்லா?" என்று அன்றைக்கு எத்தனை தடவை கேட்டாள் அவள். "சத்தியமா எடுத்திருவேன் பிள்ளே" என்று இவளும் அத்தனை தடவை சொல்லித் தொலைத்திருந்தாள்.

மலைக்குக் கீழே நகரத்தில், கரமனை அக்ரஹாரத் தெருவில் ஒரு வீட்டின் மாடி அறை அது. ஜன்னலைத் திறந்தால் ஆற்றங்கரைத் தென்னைகள். அனிமேஷன் படிக்கச் சேர்ந்த புதிதில் இருவரும் அங்கே வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள். ஷிஜிக்குப் பாறசாலைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். செல்வமணிக்குப் பொன்முடி, தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீடு. யாருக்கு யார் பயந்தார்களோ, முதல் மாதம் முழுக்க அந்த இரண்டு தமிழ்ப் பெண்களும் தங்களுக்குள் மலையாளம் பேசியே காலம் தள்ளினார்கள். ஒருநாள் செல்வமணி கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டு, "யாத்தே, செத்தேன்" என்று தரையில் உட்கார்ந்தாள்.

ஷிஜி அவளையே பார்த்தாள். "ஒனக்குத் தமிழ் தெரியுமா பிள்ளே? பின்ன என்னத்துக்கு இவ்வளவு நாளும் என்ன மலையாளத்துல போட்டுக் கொன்ன?"

"நீ மட்டும் என்னவாம்? டிவியில நியூஸ் வாசிக்கவ மாதிரில்லா பேசுன."

அன்று சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து வீட்டுக்கார மாமி குரல் கொடுத்தாள். "ஏண்டி, மேல என்ன கூத்து? உத்தரம் இடிஞ்சு எந்தலையில விழப்போறது."

ஆனால் வகுப்பில் மலையாளம்தான். ஒரு தடவை செல்வமணி ஏதோ சந்தேகம் கேட்கப்போய், பாதியில் தமிழ் வந்துவிட்டது. பின்பெஞ்சு பிஜு அதே ராகத்தில் அதைத் திருப்பிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. ஷிஜியும் சிரித்தாள், மற்றவர்களோடு சேர்ந்து, கொஞ்சமாக. அதற்குப் பிறகு செல்வமணி வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

கடைசி வருடப் படத்துக்கு ஷிஜி எடுத்துக்கொண்ட கதை சின்னது. மலைமேல் இரண்டு கிழவிகள் பஸ்ஸுக்குக் காத்திருந்து சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான். அனிமேஷனில் குரல்தான் முதலில். குரல் போகும் வழியில்தான் வாயை வரைய வேண்டும். குரல் கொடுக்க நல்ல ஆள் கிடைக்கும்வரை தற்காலிகமாக யாராவது பேசிப் பதிவுசெய்து வைப்பார்கள்.

"நீ ஒரு கெழவி, நான் ஒரு கெழவி" என்றாள் ஷிஜி.

"எங்குரலா? பிஜு கேட்டான்னா தொலஞ்சேன்."

"பொறவு எடுத்திருவேன். ஒருத்தரும் கேக்கமாட்டாவ."

வெளிச்சத்தம் பதிவாகாமலிருக்க ஃபேனை நிறுத்தி, கம்பளியை இருவர் தலைமேலும் போர்த்திக்கொண்டு நடுவில் போனை வைத்தார்கள். மத்தியான வெக்கையில் வேர்த்துக் கொட்டியது. செல்வமணி குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "ஏ, இந்த பஸ்சு வருமா, வராதா?" என்று ஆரம்பித்தாள். கம்பளித் தூசி மூக்கில் ஏறியது. அடுத்த வரிக்கு நடுவில் ஒரு தும்மல், ஓங்கி. கீழே மாமியின் குக்கரும் அந்த நேரம் பார்த்து விசிலடித்தது.

"திருப்பி எடுப்போமா?"

"கெடக்கட்டு பிள்ளே. எப்படியும் மாத்தத்தானே போறோம்."

அந்த மழைக்காலத்தில் செல்வமணியின் அப்பாவுக்கு முதுகு முடங்கிப்போனது. எஸ்டேட் வேலையில் வீட்டாள் ஒருவர் பேர் இருந்தால்தான் லயத்து வீடு நிலைக்கும். அம்மா மாடம்மாளுக்கு மூட்டுவலி, தேயிலைச் சரிவில் ஏற முடியாது. செல்வமணி பெட்டியைக் கட்டினாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியே அதையேதான் கேட்டாள்.

"எடுத்திருவல்லா?"

"எடுத்திருவேன்."

பிறகு ஷிஜி தனியாக வரைந்தாள். ஹெட்போனைக் காதில் மாட்டினால் போதும், கம்பளி, வேர்வை, குக்கர் விசில், செல்வமணி எல்லாம் வந்துவிடும். வாக்கியம் முடியும் முன்பே சிரித்துவிடும் அவள் பழக்கம், எச்சில் விழுங்கும் இடம், எதையும் விடாமல் கிழவியின் முகத்தில் வரைந்தாள். தும்மலையும் வரைந்தாள். தும்மிய வேகத்தில் கிழவியின் தலைத்துண்டு நழுவி, கைப்பை விழுந்து, நாரத்தங்காய்கள் சரிவில் உருண்டன.

வேறு குரல் வைக்கும் நாள் வந்தது. வகுப்பெடுக்கும் ஆனந்தகிருஷ்ணன் சார் ஏற்பாடு செய்த அம்மாள் அழகான மலையாளத்தில் பேசினாள். வாய் ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது. தும்மலுக்கு அந்த அம்மாளிடம் ஒன்றுமே இல்லை.

"வாய் மாற்றி வரைக்கணம், ஷிஜி" என்றார் சார் மலையாளத்தில். ஸ்டுடியோக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், வேலை கிடைக்கிற விஷயம் என்று நயமாகத்தான் சொன்னார்.

ஷிஜி எழுந்து நின்றாள். பின்பெஞ்சில் பிஜு இருந்தான். அவள் வாயில் தமிழ்தான் வந்தது.

"மாத்தமாட்டேன் சார். அவ பேசினதுக்குத்தான் நான் வரஞ்சேன். அந்தக் குரல எடுத்தா எனக்க கெழவி செத்துருவா."

சார் திரையில் நின்ற கிழவியைத் திரும்பிப் பார்த்தார். "தும்மலோ?"

"தும்மலும் இருக்கட்டு சார்."

திரையிட்ட அன்று நாரத்தங்காய் உருண்ட இடத்தில் அரங்கம் கைதட்டியது. பிஜுவும் தட்டினான். மதிப்பெண் நடுத்தரமாகத்தான் வந்தது.

பொன்முடியில் பஸ் நின்றது. செல்வமணி குடையோடு நின்றிருந்தாள். இளைத்திருந்தாள், விரல் நுனிகளில் தேயிலைக் கறை.

"என்னட்டி, திடீர்னு மலையேறிட்ட?"

"ஒனக்கு ஒண்ணு காட்டணும்."

லயத்து வீட்டில், கட்டிலில் லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே மாடம்மாள் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் வரி கேட்டதும் செல்வமணியின் முகம் மாறியது.

"எடுக்கலியா நீ?"

"எடுக்கல."

"சத்தியம் பண்ணுனியே."

"பண்ணினேன்."

"எத்தன பேரு கேட்டாங்க?"

"ஹால் நெறைய."

செல்வமணி பார்வையைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. தும்மல் வந்தது, பை விழுந்தது. அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று ஷிஜி பயந்துபோனாள். தோள் குலுங்கியது சிரிப்பில்.

"தும்மலக்கூட விடலியா பாவி?"

"அதுக்குத்தான் பிஜுவே கைதட்டினான்."

"பிஜுவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொருக்கா போடு. சத்தத்தக் கூட்டி வை."

ஷிஜி கூட்டினாள். திரையில் கிழவி சாலையை எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "ஏ, இந்த பஸ்சு வருமா, வராதா?"

அடுப்படியிலிருந்து மாடம்மாள் மகளுக்குப் பதில் சொன்னாள்: "வரும், வரும். சாயங்காலம் ஒண்ணு உண்டுல்லா. அந்தப் பிள்ளைய அதுல ஏத்திவிடு, இருட்டிரும்."

"செரிம்மா" என்றாள் செல்வமணி.