ஒயரா, மைக்கா?

ஐந்து நாளாக ஜம்புலிங்கத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகள் ஜெயமணி வெள்ளிக்கிழமை காலை போர்ட் பிளேர் ரேடியோவில் நேரடியாகப் பாடப் போகிறாள். பாட்டைச் சொல்லிக்கொடுத்த தாய் மங்கையர்க்கரசியோ மெட்ராஸ் கப்பலில், நடுக்கடலில். காற்று மழை என்று கப்பல் இரண்டு நாள் தாமதம். ஊருக்குக் கிளம்பும்போதே மகளிடம் சொல்லியிருந்தாள்: "சரணத்துல அந்த உச்சியை மட்டும் விட்டுடாதடி." அந்த இடத்தில் ஜெயமணி எப்போதும் நழுவுவாள். இந்தத் தடவை பிடித்தாளா என்று மங்கை தன் காதால் கேட்டாக வேண்டும்.

அதற்காகத்தான் ஜங்லிகாட் பஜாரில் மீரான் கடையிலிருந்து டேப் ரிக்கார்டர் இரவல் வந்தது. கூடவே வந்தது குழப்பம்.

"ரேடியோவுல இருந்து டேப்புக்கு ஒயரைப் போடுங்கண்ணே. பாட்டு மட்டும் சுத்தமாப் பதியும். மைக் வச்சீங்கன்னா உங்க வீட்டுக் கோழியும் சேர்ந்து பாடும்" என்றான் மீரான்.

துறைமுகத்தில் ஒயர்லெஸ் பார்க்கும் பழனிசாமி கேட்டுச் சிரித்தார். "ரேடியோவுல ஒயரைச் சொருகினா அது வாயை மூடிக்கும்யா. பதியுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? மைக்கே வை."

இருவரும் விவரம் தெரிந்தவர்கள். அதுதான் தொல்லை. ஜம்புலிங்கம் காலையில் ஒயர் கட்சி, சாயங்காலம் மைக் கட்சி என்று மாறி மாறி நின்றார்.

வெள்ளிக்கிழமை, அவர்கள் குடியிருந்த டாலிகஞ்ச் முழுக்க அவர் வீட்டில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளப் பெண் பிஸ்வாஸ் பாபி கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டதும் ஜம்புலிங்கம் ஒயரைச் சொருகிவிட்டார்.

ரேடியோ கப்சிப். ரீல் மட்டும் சுற்றியது. இருபது பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாயி சாப், கானா கஹாங் ஹை?" என்று பாட்டு எங்கே என இந்தியில் கேட்டாள் பாபி.

"உள்ள போய்க்கிட்டிருக்கு" என்றார். சொன்னவருக்கே நம்பிக்கை இல்லை. ஒயர் செத்திருந்தால்? வேறு துளையில் சொருகியிருந்தால்? ஆறாவது நிமிஷம் பொறுக்க முடியாமல் ஒயரைப் பிடுங்கினார்.

ஜெயமணியின் குரல் வீட்டை நிறைத்தது. ஒரே ஒரு அடி, இரண்டு முறை. கூட்டம் "வாஹ்!" என்று கைதட்டியது. பிடுங்கினால் பதியாது என்பது அப்போதுதான் உறைத்தது; பதறிப்போய் மறுபடி சொருகினார்.

ஞாயிற்றுக்கிழமை மங்கை வந்து இறங்கினாள். பாட்டுக் கேட்காமல் ஏமாந்த கூட்டம் அவளுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்திருந்தது. டேப் ஓடியது. சுத்தமான பதிவு, மீரான் சொன்னது சரிதான். பல்லவி வந்தது, சரணம் ஏறியது. உச்சிக்குப் போகிற இடத்தில் மௌனம்.

மங்கை நிமிர்ந்தாள். "என்னங்க இது?"

"பதியுதான்னு பார்த்தேன்..." அவருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

"சரியாத்தாம்மா பாடினேன்" என்றாள் ஜெயமணி. அவள் வேறென்ன சொல்வாள்? மங்கை அவளைப் பார்க்கவே இல்லை.

அப்போது பிஸ்வாஸ் பாபி பாட ஆரம்பித்தாள். அன்று காதில் விழுந்த அந்த ஒரே அடி. வார்த்தை தமிழும் இல்லை, வங்காளமும் இல்லை. மெட்டு மட்டும் நேராக உச்சிக்கு ஏறி, அசையாமல் நின்று, இறங்கியது. இரண்டாவது முறைக்குக் கூட்டமே சேர்ந்துகொண்டது. அவர்களுக்குத் தெரிந்த பாட்டு அவ்வளவுதான்.

மங்கை மகளை இழுத்து அணைத்தாள். "பிடிச்சுட்டியேடி" என்று சொல்லி அழுதாள். டேப்பில் மீதிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை.