நைனாவுக்குக் கிடைத்த விசா

செவ்வாப்பேட்டை சாம்சன் முதன்முதலாக விமானம் ஏறியது, அவர் செத்துப் பல வருஷம் கழித்துத்தான். ஊரில் இதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் தக்காளி விலை ஏறியதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மகள் கிறிஸ்டினாவுக்குத் தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை, சங்கத்திலும் இருந்தாள். கும்மிடிப்பூண்டி உருக்காலைத் தூசு தன் நைனாவின் நெஞ்சைத் தின்ற கதையைச் சொல்ல, ஐரோப்பாவில் ஒரு தொழிலாளர் மாநாட்டுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் இருமி இருமிச் செத்ததை உலகம் கேட்கவேண்டும் என்பது அவளுக்கு வெறி. விசாவுக்கு இரண்டு தரம் போட்டாள். இரண்டு தரமும் 'திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை' என்று தூதரகத்தில் கைவிரித்துவிட்டார்கள். சொந்த வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு அந்தக் குளிரில் அவளுக்கு என்ன வைத்திருக்கிறதாம்!

மூன்றாம் தரம் விசா வந்தது. நம் பக்கம் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தானே. விண்ணப்பத்தில் அதற்கிருந்த கட்டத்தில் எல்லாரையும் போல அவளும் அப்பா பெயரை எழுதியிருந்தாள். அவர்கள் கிறிஸ்டினாவை விட்டுவிட்டுச் சாம்சனுக்குக் கொடுத்துவிட்டார்கள். படமும் அவருடையதே, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு.

அதைப் பார்த்து கிறிஸ்டினா அழுதுவிட்டாள். தனக்கு இல்லையே என்று பாதி, அந்த முகத்துக்காக மீதி. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, ஷிப்ட் முடிந்து ரயில் மாறி வருகிறவர், ஸ்டேஷனிலேயே அவளைத் தோளில் ஏற்றி ஏரோப்ளேன் காட்டுவார். டிபன் டப்பாவில் அவளுக்கென்று கேன்டீன் பக்கோடா பாதி மிச்சம் இருக்கும், நமுத்துப்போய். அந்த ருசிக்கு இன்றைக்கும் அவள் நாக்கு ஏங்கும்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து சாம்சன் நேராக வீட்டுக்கு வந்தார்.

"இன்னாம்மா, நான் போறதா? எனக்கு இங்கிலீசு ஏது?"

"தமிழ்லயே பேசு நைனா. உன் கததானே? ஸ்வெட்டர் எட்துகினு போ."

போனார். மேடையில் நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தெருக்கோடி வரை கேட்குமே, அதே பழைய இருமல். மொழிபெயர்க்கிறவர்கள் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டார்கள். சபையே எழுந்து நின்றது. கிறிஸ்டினா போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசா முடிய ஒரு நாள் இருக்கும்போதே சாம்சன் திரும்பிவிட்டார். பேச்சு வாங்கிக்கொள்ளாத மனுஷன். மகள் ஸ்டேஷனில் காத்திருந்தாள்.

"எப்டி இருந்துச்சி நைனா?"

"அங்க மூச்சு நல்லா வுட முடிஞ்சிதும்மா" என்றவர், டிபன் டப்பாவை நீட்டினார். விமானத்தில் கொடுத்த கேக், பாதி.

அதைத் தின்றுகொண்டே கல்லறைத் தோட்டம் வரை கூடப் போய், அவரை விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அவளுக்கு முதல் ஷிப்ட்.