பிடித்துத் தைத்த சட்டை

பல் டாக்டர் வந்து கேட்டதும் தையல்காரம்மா சரி என்று சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்பதற்கு எதுவும் வேண்டாம். கணவர் போனதிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் சரிதான் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாய் மாற்ற வந்தவன் பழைய குழாயை எடுத்துக்கொள்ளட்டுமா என்றான், சரி. பக்கத்து வீட்டுக்காரி தன் பூந்தொட்டிகளை இவள் வாசலில் வைக்கட்டுமா என்றாள், அதற்கும் சரி.

பல் டாக்டருக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரநாட்களில் அவர் பல் பிடுங்குவார், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வெட்டுவார். பழைய காலத்துப் போர்களை அந்தக் காலத்து உடுப்பும் கவசமும் ஈட்டியுமாகத் திடலில் நடத்திக் காட்டும் கூட்டம் ஒன்று உண்டு. வங்கிக்காரர், வாத்தியார், லாரி ஓட்டுகிறவர் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களுக்கு இவர்தான் படைத்தலைவர். யார் யார் சாக வேண்டும் என்று முதல்நாளே பேசி வைத்துக்கொள்வார்கள். விழுந்தவர்கள் கொம்பு ஊதும்வரை எழுந்திருக்கக் கூடாது. எறும்பு கடித்தாலும் கிடக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு உடுப்பும் கவசமும் செய்து கொடுத்தவர்கள் தையல்காரம்மாவும் அவள் கணவரும். அவருக்கு வளையக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரும்புக் கம்பியைச் சுருட்டி வெட்டி, சின்னச் சின்ன வளையங்களாக்கி, ஒன்றுக்குள் நாலாகக் கோத்து முழுச் சட்டையாகப் பின்னுவார். அதன் கீழே போட ஒரு மெத்தைச் சட்டை வேண்டும். அது இல்லாவிட்டால் இரும்பு தோளைத் தின்றுவிடும். அதைத் தைப்பது அவள் வேலை. ஹோட்டல்களில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து, பழுப்புச் சாயம் ஏற்றி, இரண்டு மூன்று அடுக்காக வைத்து, நடுவில் பஞ்சு திணித்து, நெடுக்கே கோடு கோடாகத் தைப்பாள். வெளியே தெரியும் தையலெல்லாம் கைத்தையலாக இருக்க வேண்டும் என்பது கூட்டத்தின் சட்டம். உள்ளே மெஷினில் ஓட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

வளையக்காரர் திடலுக்கும் போவார். முன்வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது, புது ஆள் ஒருவர் வந்திருக்கிறார், உடம்பு பெரிது, யாருடைய சட்டையும் அவருக்கு ஏறவில்லை, வளையக்காரர் சட்டையைச் சரிசெய்து தர முடியுமா என்றார் பல் டாக்டர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவராம். வாசற்படியில் வந்து நின்றாலே வெளிச்சம் போய்விடும் என்பதால் கூட்டத்தில் எல்லோரும் அவரை பீரோ என்றுதான் கூப்பிட்டார்கள். வளையக்காரரும் நன்றாக இருந்த காலத்தில் அந்த அளவுதான்.

சரி என்று சொன்னாளே ஒழிய, ஆணியில் தொங்கிய அவருடைய மெத்தைச் சட்டையை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் பிரிக்க வேண்டும். பிரித்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

உள்ளே என்ன இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் அளவெடுக்க ஒரு முறை இருந்தது. நாடாவைப் பிடித்தால் ஆண்கள் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வாய்விட்டுக் கேட்டால் பத்து வருஷத்துக்கு முந்தைய அளவைச் சொல்வார்கள். அதனால் வளையக்காரர் யாரையும் கேட்பதில்லை. ஒரு பழைய சட்டையை மாட்டச் சொல்லி, அக்குளுக்குக் கீழே இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் தடையில்லாமல் போனால் சரியான அளவு. முட்டினால் ஆள் பெருத்திருக்கிறார், மூன்றாவது விரலும் போனால் இளைத்திருக்கிறார். ஆளைக் கேட்காதே, சட்டையைக் கேள் என்பார். அவருடைய தங்கையும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கை பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலில் உட்காருகிறவள். வாரம் முழுக்க ஊராரிடம் திட்டு வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்து, மடியில் ஒரு கிண்ணம் வளையத்தை வைத்துக்கொண்டு, குறடால் ஒவ்வொன்றாக மூடியபடி, யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று கதை சொல்வாள். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை. அவள் வராவிட்டால் தையல்காரம்மாவுக்கும் வேறு ஆள் இல்லை.

போன வருஷம் வெயில் காலத்தில் வளையக்காரருக்குச் சட்டை தொளதொளத்தது. தையல்காரம்மா கையில் ஒன்று தொளதொளவென்று வந்தால் அவள் கை சும்மா இருக்காது. திரைச்சீலையோ தலையணை உறையோ, பிடித்து ஓர் ஓட்டு ஓட்டிவிடுவாள். அவர் திடலிலிருந்து வந்து கழற்றிப் போட்டதை எடுத்து, இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே உள்ளே மடித்துப் பிடித்து, மெஷினில் ஓட்டினாள். இரும்பு வழுக்கித் தோலைக் கிழிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அதற்கு மேல் நினைத்தாளா என்றால், எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை பிடித்தபோது நினைத்திருப்பாள். மூன்றாம் முறை கட்டாயம் நினைத்திருப்பாள்.

தங்கை விடவில்லை. அண்ணா கன்னம் ஒட்டிப்போச்சு, டாக்டரைப் பார் என்று வாராவாரம் நச்சரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குரல் உயர்ந்துவிட்டது. வளையக்காரர் எழுந்து போய் மெத்தைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அவள் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"விட்டுப் பாரு."

அவள் இரண்டு விரலை விட்டாள். கச்சிதமாக இருந்தது.

"ஆளு பொய் சொல்லலாம். சட்டை சொல்லுமா?"

தங்கை கையை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. தையல்காரம்மா அடுப்படியில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீயை ஆற்றினாள்.

மழைக் காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். அவர் எல்லோரிடமும் சொல்கிற வாக்கியமாக இருக்கலாம். ஆனால் தங்கை அதைப் பிடித்துக்கொண்டாள். வருகிற ஞாயிறெல்லாம், குறடு ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில் நிற்கும்போது, முன்னாடியே வந்திருக்கலாம் என்பாள். நான்தான் விட்டுட்டேன், சட்டையைப் பாத்து ஏமாந்துட்டேன் என்பாள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோப்பாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போனால் அடியில் தரை இருப்பது தெரியாதல்லவா, அப்படித்தான் அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. தங்கை அந்தச் சட்டையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும்.

தனியாகப் பிரித்து முடித்துவிடலாம் என்றுதான் இருந்தாள். வாரம் முழுக்கச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. ஞாயிறு காலையில் தங்கை வந்துவிட்டாள். பீரோ சாயங்காலம் போட்டுப் பார்க்க வருவதாகப் பல் டாக்டர் அவளுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். அவளே சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். அண்ணனுடைய சட்டை பிறத்தியார் உடம்புக்குப் போவதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"எங்க பிரிக்கணும் அண்ணி? பக்கவாட்டுலதானே?"

"கொடு. நான் பிரிக்கிறேன்."

"உங்களுக்குக் கண்ணு தெரியாது. விடுங்க."

அவள் உள்பக்கத்தைத் திருப்பினாள். பிளேடால் ஒரு தையலைப் பிரித்தாள். அதற்குள்ளே இன்னொன்று இருந்தது. அதையும் பிரித்தாள். இன்னொன்று. துணியை இழுத்து நீவிவிட்டதும் அக்குளிலிருந்து இடுப்புவரை மூன்று பட்டைகள் விரிந்தன. சட்டை முழுக்க வெயிலில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் சாயம் போட்ட நாளில் இருந்த பழுப்பிலேயே இருந்தது. முதலில் பிடித்த பட்டை நல்ல பழுப்பு, அடுத்தது கொஞ்சம் வெளிறல், கடைசியில் பிடித்தது ஏறக்குறைய சாம்பல்.

தங்கை மறுபக்கத்தையும் பிரித்தாள். அங்கேயும் அதே மூன்று.

"இது எப்போ பிடிச்சது?"

தையல்காரம்மா சொன்னாள். வெயில் ஆரம்பத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று. சரக்கு எப்போது வந்தது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் விரல் விட்டுப் பாத்தேனே, அதுக்கு முன்னாடியா?"

"ரெண்டு முன்னாடி. ஒண்ணு அப்புறம்."

தங்கை பிளேடை மேசைமேல் வைத்தாள். போகப்போகிறாள் என்று தையல்காரம்மா நினைத்தாள். அவள் போகவில்லை. நறுக்கு நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கீழே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

பிறகு தையல்காரம்மா எழுந்து, செய்ய வேண்டியதைச் செய்தாள். பக்கவாட்டை முழுத் துணியையும் விட்டுத் தைத்தாள். மூலையில் நின்ற மரப் பொம்மைக்குப் பீரோ அளவுக்குப் பழந்துணி சுற்றி, மெத்தைச் சட்டையைப் போட்டாள். சரியாக உட்கார்ந்தது. அதன்மேல் வளையச் சட்டையைத் தலைவழியாகப் போட வேண்டும். அது கனம், தனியாகத் தூக்க முடியாது. தங்கை மறுபுறம் பிடித்தாள்.

வளையச் சட்டை நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை.

இருவரும் இழுத்துப் பார்த்தார்கள். இரும்பு மெத்தையைக் கவ்விக்கொண்டு நின்றது. இரண்டும் ஒரே ஆளுக்குச் செய்தவை. மெத்தைச் சட்டை பழைய அளவுக்கு வந்துவிட்டது. இது மட்டும் எப்படிச் சிறுத்தது? தங்கை அதைக் கழற்றி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அக்குளைத் திருப்பிப் பார்த்தாள். ஆள் பெருத்தால் பிரித்து விரிக்க வேண்டும் என்று வளையக்காரர் அந்த இடத்தில் மட்டும் வளையத்தின் வாயில் சின்ன ஆணி அடித்து இறுக்காமல் வெறும் குறடால் மூடி வைப்பார். அங்கே மூடிய வாய்கள் எல்லாம் இடது பக்கம் பார்த்திருந்தன. வளையக்காரர் இடது கைக்காரர், அவர் மூடினால் அப்படித்தான் இருக்கும். பக்கத்துக்கு மூன்று வரிசை எடுத்திருந்தார்.

"அண்ணனே எடுத்திருக்கு," என்றாள் தங்கை.

தையல்காரம்மா வந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க பிடிச்சது தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி இதை எதுக்கு எடுக்கும்? தெரிஞ்சுதான் கையைத் தூக்கிட்டு நின்னுச்சு." குரல் உயரவில்லை. "புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சு விளையாடுனீங்க. நடுவுல நான் ஒரு முட்டாள், விரலை விட்டுப் பாத்துட்டு நின்னேன்."

அவருக்குத் தெரிந்திருந்தது என்பதில் தையல்காரம்மாவுக்கு ஆறுதல் வரவில்லை. கோபமும் வரவில்லை. சாயங்காலம் பீரோ வருவார், ஆறு வரிசை வளையம் வேண்டும் என்பதுதான் தோன்றியது. புது வளையம் போட்டால் பளபளக்கும், படைத்தலைவர் விடமாட்டார். அந்தத் துருவின் நிறத்திலேயே வேண்டும். எடுத்த வளையங்களை எங்கே வைத்திருப்பார் என்று கண் அறையைச் சுற்றி வந்தது. பட்டறை மேசை, டப்பாக்கள், அடுப்படி.

அவள் போய்க் கெட்டிலைத் தூக்கினாள். அதன் அடியில் இருந்த வளைய விரிப்பை எடுத்து வந்து தங்கை மடியில் போட்டாள்.

சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்க, போன வருஷம் அதே வெயில் காலத்தில் தங்கையே பின்னியது. அவள் வந்த ஞாயிறுகளில் அண்ணன் ஒரு கிண்ணம் வளையத்தை எடுத்துக் கொடுத்து, சும்மா கை பழகு, உனக்கு என்ன தோணுதோ பின்னு என்றிருந்தார். துருப்பிடித்த பழைய வளையம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக மூடினாள்.

இப்போது விரிப்பைச் சட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம்.

இரண்டு குறடுகளை எடுத்து, ஒன்றைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தாள். இருவரும் விரிப்பைப் பிரித்தார்கள், பிரித்ததைச் சட்டையில் கோத்தார்கள். மதியம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசைக்கு வந்தபோது தங்கை முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கை இரண்டும் துருவாக இருந்தது.

சாயங்காலம் பீரோ பல் டாக்டரோடு வந்தார். கூச்சப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். செத்துப்போனவர் சட்டை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், தொடாமல் தொட்டார். மாட்டியதும் தோளைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இறுக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை என்றார். கையைத் தூக்கச் சொன்னாள் தையல்காரம்மா. வளையங்களுக்குள் இருந்து பழுப்புப் பட்டைகள் தெரிந்தன. பல் டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அங்கே மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது, பிளீச்சிங் பவுடர் தண்ணியில் முக்கி வெளிறச் செய்துவிடலாமா என்றார்.

"வேண்டாம்," என்றாள் தையல்காரம்மா. "கையைத் தூக்கினாத்தானே தெரியும். அப்படியே இருக்கட்டும்."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது அவருக்கு.

அவர்கள் போனபின் தங்கையும் பையை எடுத்தாள். கதவுவரை போனாள். அடுத்த ஞாயிறு வருவாளா என்று கேட்கத் தையல்காரம்மாவுக்கு வாய் வரவில்லை. மேசைமேல் கிடந்த நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தங்கை திரும்பி வந்தாள். வந்து, கேட்காமல், அண்ணியின் கையைப் பிடித்துத் தூக்கி, மேல்சட்டையின் அக்குளுக்குக் கீழே இரண்டு விரலை விட்டாள். கச்சிதமாக இருந்தது. தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். உள்ளே இன்னொரு தையல் தடித்தது.

"இது எப்போ பிடிச்சது?"

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை. போன மாதமாக இருக்கலாம், அதற்கு முந்தின மாதமாகவும் இருக்கலாம்.

தங்கை பையைக் கீழே வைத்துவிட்டுப் பிளேடைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாச் சட்டையையும் பிரிச்சு வைங்க அண்ணி. தொளதொளன்னே தொங்கட்டும். அடுத்த ஞாயிறு நான் வந்து பாக்கணும்."